குவா மூசாங்கிலிருந்து செந்தூல் வரை: வேட்டை இறைச்சி கெடாமல் வீடு வந்து சேர

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறோம். கடந்த மாதம் உரிய உரிமத்துடனும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடனும் கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனோம். காலை 8 மணிக்குச் சுட்ட பன்றியைத் தொழிலாளர் குடியிருப்புக்குக் கொண்டுவந்து, மயிரைப் பொசுக்கி, வெட்டி முடிப்பதற்குள் நண்பகல் ஆகிவிட்டது. எங்கள் பங்காகக் கிடைத்த 25 கிலோ இறைச்சியை, இரண்டு பின்னந்தொடைகளை முழுதாகவே, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய இரண்டு பை ஐஸை, மொத்தம் 5 கிலோ இருக்கும், மேலே கொட்டி மூடினோம். காராக் நெடுஞ்சாலையில் நெரிசல். வீடு வந்து சேர இரவு 7.30 ஆகிவிட்டது. பெட்டியில் ஐஸே இல்லை. தொடையை அறுத்தபோது எலும்பை ஒட்டிப் புளித்த வாடை அடித்தது. மேலே கிடந்த துண்டுகளில் வாடை இல்லை. எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள் என்கிறார் என் மனைவி. மஞ்சளும் உப்பும் புளியும் போட்டுக் கழுவி நன்றாக வேகவைத்தால் போதும், தோட்டத்தில் இருந்த காலத்தில் ஐஸையா பார்த்தோம் என்கிறார் மாமியார். வாடை இல்லாத துண்டுகள் இப்போது உறைபெட்டியில் இருக்கின்றன. யார் சொல்வது சரி? அடுத்த முறை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் மனைவி சொல்வதே சரி. தொடைகளை மட்டுமன்று, உறைபெட்டியில் வைத்திருக்கும் துண்டுகளையும் சேர்த்தே எறிந்துவிடுங்கள். பினாங்கில் இறைச்சிப் பரிசோதனைப் பணியில் பல ஆண்டுகளைக் கழித்த கால்நடை மருத்துவன் என்ற முறையில் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். ஆனாலும் உங்கள் மாமியாரின் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வாடை இல்லாத துண்டுகளை ஏன் எறிய வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். இறைச்சியைப் புளிக்கவைத்து நாறவைக்கும் நுண்ணுயிர்களும் மனிதனுக்கு வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் தரும் நுண்ணுயிர்களும் பெரும்பாலும் வேறு வேறானவை. ஆகவே மூக்கு ஒன்றும் சொல்லவில்லை என்பது, ஒன்றும் நேரவில்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தத் துண்டுகளும் அதே பெட்டியில், தொடையிலிருந்து வடிந்த நீரில் நனைந்தபடிதான் வந்திருக்கின்றன. பன்றி செத்து, இறைச்சி வீட்டு வாசலுக்கு வரும்வரை பதினொன்றரை மணி நேரம் கடந்திருக்கிறது. பெட்டிக்குள் எந்த நேரத்தில் எவ்வளவு வெப்பம் இருந்தது என்று அளந்து பார்த்தவர் எவரும் இல்லை. 4 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இறைச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் வரம்பு. உறைபெட்டி நுண்ணுயிர்களைத் தூங்க வைக்குமே தவிர, அதற்கு முன் நடந்ததைத் திருத்தாது.

நன்றாக வேகவைத்தால் போதாதா என்றால், போதாது. கொதிக்கும் குழம்பில் உயிருள்ள நுண்ணுயிர்களில் பெரும்பகுதி செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில நுண்ணுயிர்கள் இறைச்சியில் பெருகும்போது விட்டுச்செல்லும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாமல் நிற்கக்கூடியது. எலும்பை ஒட்டிய காற்றில்லா இடத்தில் வளரும் குளோஸ்ட்ரிடியம் வகை நுண்ணுயிர்களின் வித்துகளும் சாதாரணச் சமையல் வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். மஞ்சளும் புளியும் மேற்பரப்பின் வாடையைக் குறைக்கும். எலும்புக்குள் எட்டிப் பார்க்க அவற்றால் முடியாது.

இனி, எங்கே தவறு நடந்தது என்பதைப் பார்ப்போம். நீங்கள் நெரிசலைக் குறை சொல்கிறீர்கள். எனக்கோ, காராக் நெடுஞ்சாலை காலியாகவே இருந்திருந்தாலும் அந்தத் தொடைகள் தப்பியிருக்குமா என்பது ஐயம்தான். ஒரு சிறு கணக்கைப் போட்டால் உங்களுக்கே விளங்கும். ஒரு கிலோ இறைச்சியின் வெப்பத்தை ஒரு டிகிரி குறைக்க ஏறத்தாழ 3.4 கிலோஜூல் வெப்பத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருகும்போது 334 கிலோஜூலை உறிஞ்சிக்கொள்ளும். உங்களுடைய 25 கிலோ இறைச்சி பெட்டிக்குள் போனபோது 36 டிகிரியில் இருந்ததாகக் கொள்வோம். நண்பகல் வெயிலில் வெட்டப்பட்ட இறைச்சி அதைவிட அதிகம் குறைந்திருக்க வழியில்லை. அதை 4 டிகிரிக்குக் கொண்டுவர மட்டுமே 8 கிலோவுக்குச் சற்று அதிகமான ஐஸ் உருகியாக வேண்டும். பெட்டிச் சுவர் வழியே வெளியிலிருந்து நுழையும் வெப்பத்தைச் சமாளிக்க, ஆறு ஏழு மணி நேரப் பயணத்தில் இன்னும் 2 அல்லது 3 கிலோ தேவைப்படும். நீங்கள் போட்டதோ 5 கிலோ. அந்த ஐஸ் அனைத்தும் ஒரு சொட்டு வீணாகாமல் இறைச்சிக்கே பயன்பட்டிருந்தாலும் சராசரி வெப்பம் 16 டிகிரிக்கு வந்திருக்கும், அவ்வளவே. அந்த வெப்பத்தில் நுண்ணுயிர்களுக்கு நல்ல விருந்து. மூடியைத் திறந்தபோது ஐஸே இல்லை என்று வியந்திருக்கிறீர்கள். அது பாதி வழியிலேயே தீர்ந்துபோயிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, தொடைகளை முழுதாக வைத்தது. ஒரு கட்டி இறைச்சியின் நடுப்பகுதி குளிர எடுக்கும் நேரம் அதன் தடிமனோடு நேராக ஏறுவதில்லை. தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகைபோன்ற துண்டு ஒன்று ஐஸ் நீரோடு நன்றாக ஒட்டியிருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் நடுவிலும் குளிர்ந்துவிடும். 15 சென்டிமீட்டர் தடிமனுள்ள முழுத் தொடை உருண்டையாக இருப்பதால் எல்லாப் பக்கத்திலிருந்தும் குளிரும், ஒன்பது மடங்கு ஆகாது; ஆனாலும் அதன் எலும்போரம் அதே ஐஸ் நீரில் மூழ்கிக் கிடந்தால்கூட ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும். பெட்டிக்குள் பாதி காற்றும் பாதி ஐஸுமாக இருந்தால் இன்னும் கூடும். தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் அப்படியே விட்டிருந்தால் அவையும் ஒரு போர்வைதான். வெளியே கை வைத்தால் சில்லென்றிருக்கும் தொடை, உள்ளே எலும்பருகில் இன்னும் பன்றியின் உடல்சூட்டோடு கிடந்திருக்கும். உங்களுக்கு அடித்த புளித்த வாடை அங்கிருந்து வந்ததுதான். கசாப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழைய பகை. மாட்டின் பின்காலிலும் பன்றித் தொடையிலும் முதலில் கெடுவது எலும்பைச் சுற்றிய இடமே.

இப்போது மாமியாருக்கு வருவோம். அவர் சொல்லும் தோட்ட வாழ்க்கையில் பன்றி விழுந்த இடத்துக்கும் அடுப்புக்கும் நடுவே இருந்த தூரம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் தூரம். விடியற்காலையில் வெட்டிக் கூறு போட்டால், எட்டு மணிக்குள் எல்லார் வீட்டுச் சட்டியிலும் கறி கொதித்துக்கொண்டிருக்கும்; மிச்சமானதை மெல்லிய துண்டுகளாக அறுத்து உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து உப்புக்கண்டமாக்குவார்கள், அல்லது விறகடுப்பின் மேலே புகையில் தொங்கவிடுவார்கள். முழுத் தொடையை மூடிய பெட்டியில் ஆறு மணி நேரம் யாரும் அடைத்து வைத்ததில்லை. ஆக, அவருடைய அனுபவம் பொய்யன்று. அது வேறொரு தூரத்துக்குப் பொருந்திய அனுபவம். அதை இரண்டு மாநிலங்களைத் தாண்டிவரும் பயணத்துக்குப் பொருத்தியதுதான் பிழை. இதை அவரிடம் இந்த வகையில் எடுத்துச் சொன்னால் அவரும் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன். இன்னொரு பக்கம், வெளிநாட்டு வேட்டைக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, விலங்கை இரவு முழுவதும் மரத்தில் தொங்கவிட்டால் குளிர்ந்துவிடும் என்று நம்பும் இளைஞர்களையும் நான் சந்திக்கிறேன். அவர்கள் பார்க்கும் ஊர்களில் இலையுதிர்கால இரவு 2 டிகிரிக்கு இறங்கும். நம் செம்பனைத் தோட்டங்களில் நள்ளிரவிலும் 24 டிகிரிதான். இங்கே தொங்கவிட்டால் ஈரத்தோடும் ஈயோடும் இறைச்சி கெடுவது மட்டுமே நடக்கும்.

அடுத்த முறைக்கான ஏற்பாட்டை நீங்கள் செந்தூலிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். ஐஸ் பெட்டியின் சுவரும் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். சூடான பெட்டியில் ஐஸைக் கொட்டினால் அதன் ஒரு பங்கு பெட்டியைக் குளிர்விப்பதிலேயே கரைந்துவிடும். ஆகையால் தண்ணீர் நிரப்பி உறையவைத்த ஒன்றரை லிட்டர் போத்தல்களை இரவே பெட்டிக்குள் அடுக்கி மூடிவையுங்கள். இறைச்சியின் எடைக்குச் சமமான எடையில் ஐஸ் கொண்டுபோவதை என் விதியாகச் சொல்வேன்; 25 கிலோவுக்கு 11 கிலோ போதும் என்று கணக்கு சொன்னாலும், கணக்கில் வராத டோல் வரிசையும் பஞ்சரான டயரும் நம் நாட்டுச் சாலையில் எப்போதும் உண்டு. இவ்வளவும் ஒரே பெட்டியில் அடங்காது, இரண்டு பெட்டி வேண்டும். மீன் சந்தையில் கிடைக்கும் பாள ஐஸ் மெதுவாக உருகும், பெட்ரோல் நிலையத்துக் குழாய் ஐஸ் விரைவாகக் குளிர்விக்கும். பாளத்தை அடியில் வைத்துக் குழாய் ஐஸைத் துண்டுகளுக்கு இடையில் நிரப்புவது சிறந்த சேர்க்கை. குவா மூசாங் பட்டணத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள். பன்றி விழும் நேரத்தில் ஐஸ் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

விலங்கு விழுந்தது முதல் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குடல் வெடிக்காமல் வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை அரைமணி நேரத்துக்குள் அகற்றிவிடுங்கள். உடற்சூடு அங்கே நிறையத் தேங்கியிருக்கும். தோட்டாவோ குண்டுமணியோ குடலைத் துளைத்திருந்தால், மலம் பட்ட சதையைக் கழுவித் தேற்றப் பார்க்காமல் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஓடைத் தண்ணீரில் கழுவவே கூடாது. எலிச் சிறுநீர்க் காய்ச்சல் என்று நாம் சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் நம் ஓடைகளில் இருக்கக்கூடியது. இறைச்சியைவிட, கையில் கீறலோடு தண்ணீரில் நிற்கும் உங்களுக்கே அது ஆபத்து. கையுறை அணிந்துகொள்ளுங்கள், வீட்டிலிருந்து கொண்டுபோன குடிநீரையும் காகிதத் துணியையும் பயன்படுத்துங்கள்.

மயிர் பொசுக்குவதைப் பற்றி ஒரு சொல். தோலோடு கூடிய காட்டுப்பன்றிக் கறியின் சுவை எனக்கும் தெரியும். பொசுக்கிய தோலின் மணம் இல்லாவிட்டால் அது வேட்டைக் கறியே இல்லை என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் நீங்கள் அந்த வேலைக்காகச் செலவழித்த நேரமும் அப்போது உடலில் ஏறிய சூடும் இறைச்சிக்கு எதிராகவே வேலை செய்திருக்கின்றன. தொலைவுப் பயணம் என்றால் பொசுக்குவதைத் தள்ளிவையுங்கள். தோல் வேண்டுமென்றால் அதோடு சேர்த்தே மெல்லிய பலகைகளாக வெட்டிக் கொண்டுவந்து, வீட்டில் எரிவாயுச் சுடர்க்குழாயால் துண்டு துண்டாகப் பொசுக்கிக்கொள்ளலாம். தொடையையும் தோள்பட்டையையும் எலும்பிலிருந்து பிரித்து, எந்தத் துண்டும் உங்கள் மூன்று விரல் அகலத்தைவிடத் தடிமனாக இல்லாதபடி அறுத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே எலும்பு நீக்கி விரைவாகக் குளிரவைத்தால் தசை சுருங்கிச் சற்றுக் கடினமாகும் என்பது உண்மை. மாட்டிறைச்சி வறுவல் விற்கும் உணவகத்துக்கு அது ஒரு சிக்கல். இரண்டு மணி நேரம் கொதிக்கப்போகும் பன்றிக் குழம்புக்கு அது ஒரு பொருட்டன்று.

துண்டுகளைத் தடித்த பிளாஸ்டிக் பைகளில், ஒரு பைக்கு 2 கிலோவுக்கு மிகாமல், காற்றை வெளியேற்றித் தட்டையாகக் கட்டுங்கள். உருகிய நீரை வடித்துவிட வேண்டுமா, வைத்திருக்க வேண்டுமா என்று வேட்டைக்காரர்கள் ஓயாமல் சண்டையிடுவார்கள். இரு தரப்பும் பாதி சரி. பைகள் நீர் புகாதவையாக இருந்தால், முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஐஸும் நீரும் கலந்த குழம்பில் அவை மூழ்கிக் கிடப்பதே மிக விரைவான குளிர்விப்பு; காற்றைவிட நீர் பலமடங்கு வேகமாக வெப்பத்தை இழுக்கும். இறைச்சி குளிர்ந்தபின் நீரை வடித்துப் புது ஐஸ் போடுங்கள். பையில் ஓட்டை இருந்தாலோ, பையே இல்லாவிட்டாலோ, நீரை உடனுக்குடன் வடித்தாக வேண்டும். இரத்தம் கலந்த நீரில் ஊறிய இறைச்சி வெளிறிப்போவதோடு, ஒரு துண்டிலுள்ள கேடு எல்லாத் துண்டுக்கும் பரவும்.

பெட்டியைப் பிக்கப் வண்டியின் திறந்த பின்தட்டில் வெயிலில் வைக்காதீர்கள். குளிரூட்டி ஓடும் உட்பகுதியில் இடம் இல்லையென்றால், மேலே நனைந்த கோணிச் சாக்கைப் போர்த்திக் காற்றுப் படும்படி வையுங்கள். ரவூப்பிலோ பெந்தோங்கிலோ ஒருமுறை நிறுத்திப் பார்த்து, ஐஸ் குறைந்திருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ரவூப்பில் நிறுத்தினால் டுரியான் கடையும் கண்ணில் படும். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு இறைச்சி கெட்டதற்குக் காரணம் கேட்டு எனக்கு எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஊசிமுனை உள்ள உணவு வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். மிகத் தடித்த துண்டின் நடுவில் குத்திப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. பெரிய வேட்டை விலங்குகளின் இறைச்சி 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் வெயிலுக்கு நான் 4 டிகிரியைக் குறிவைக்கச் சொல்வேன்.

வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சிறு குளிர்பெட்டி வாங்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. குளிர்ந்ததைக் குளிராகவே வைத்திருக்க அது நல்ல கருவி. 25 கிலோ சூடான இறைச்சியை அதில் திணித்தால், நொடிக்கு 80 ஜூல் வெப்பத்தை வெளியேற்றும் கருவிகூட ஒன்பது மணி நேரம் திணறும். ஆகவே முதல் குளிர்விப்பை ஐஸிடமே விடுங்கள். உலர் ஐஸ் எனப்படும் உறைந்த கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 78 டிகிரிக் குளிர் தரும். ஆனால் அது ஆவியாகும்போது கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் வாயு நிறைந்து ஓட்டுநருக்கே மயக்கம் வரக்கூடும் என்பதால், அனுபவமில்லாதவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதிசெய்யப்பட்டு, அந்த ஆண்டின் இறுதியில் தீபகற்பத்துக்கும் வந்தது. அது மனிதரைத் தொற்றாது. ஆனால் காட்டுப்பன்றி, வளர்ப்புப்பன்றி இரண்டையும் கொல்லும், அதன் கிருமி உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதாவது, நீங்கள் அக்கறையோடு குளிரவைத்துக் கொண்டுவரும் ஐஸ் பெட்டியே நோயை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குச் சுமக்கும் வண்டியாகிவிடலாம். ஆகவே புறப்படுமுன் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில், அந்த வட்டாரத்திலிருந்து இறைச்சியை வெளியே கொண்டுபோகத் தடை ஏதும் நடப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தந்த வேட்டை உரிமத்தைப் பயணம் முடியும்வரை கையிலேயே வைத்திருங்கள். தளர்ந்து தள்ளாடும் பன்றியையோ செத்துக் கிடக்கும் பன்றியையோ தொடாமல் தகவல் கொடுங்கள். குடலை ஆழமாகப் புதையுங்கள். இப்போது நீங்கள் எறியப்போகும் இறைச்சியையும் நாய்க்கோ பன்றிக்கோ போடாமல், இரண்டு பைகளில் இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள்.

நல்லபடியாக வந்து சேர்ந்த இறைச்சியை 25 கிலோவும் ஒரே நேரத்தில் வீட்டு உறைபெட்டியில் அடைத்தால் அதுவே சூடாகிவிடும். நான்கு வீட்டுக்கும் அன்றிரவே பிரித்துக் கொடுத்துவிடுவது நல்லது. சமைக்கும்போது துண்டின் நடுவே 71 டிகிரிக்குக் குறையாமல் வேக வேண்டும். காட்டுப்பன்றியின் தசையில் டிரிக்கினெல்லா என்ற நுண்புழு இருக்கக்கூடும். காட்டு விலங்குகளில் காணப்படும் அதன் வகைகளில் சில உறைபனியையும் தாங்குபவை, அதனால் உறைபெட்டியை நம்பி அரைவேக்காட்டில் இறக்காதீர்கள்.

உங்கள் பெட்டி கெட்டியான பிளாஸ்டிக்காக இருந்தால், முதலில் சோப்பு நீரில் தேய்த்து, பிறகு நீர்த்த குளோரின் வெளுப்பான் கலவையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, மூடியைத் திறந்தபடி இரண்டு நாள் வெயிலில் காயவையுங்கள். வடிகுழாயின் அடைப்பானைக் கழற்றி அதன் உட்புறத்தையும் தேய்க்க மறக்காதீர்கள், வாடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். மீன்காரர்கள் பயன்படுத்தும் வெள்ளை நுரைப்பெட்டியாக இருந்தால் கழுவுவதில் பயனில்லை. இறைச்சியோடு அதையும் எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.